கெட்டிக்காரன்தான், ஆனால் வாயைத் திறந்தால் பொய்

நெல்லைப் பொண்ணு · ஞாயிறு, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஐந்தரை வயது, யூகேஜி. பெற்றவள் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், கெட்டிக்காரன். பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை எல்லாம் வாசித்துவிடுவான். சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர் எதுவும் தடுமாறாது. யார் வீட்டுக்கு வந்தாலும் "எங்க வீட்டுக் கெட்டிக்காரன் எங்கே, வா" என்று கூப்பிட்டு, செய்தித்தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வோம்.

இப்போது இரண்டு தலைவலி. ஒன்று, பொறுமை என்பதே கிடையாது. கேட்டது அந்த நிமிடமே வேண்டும். "கொஞ்சம் பொறு" என்றால் கடை வாசலிலேயே உருண்டு புரளுவான். இரண்டாவது, மூன்று மாதமாகப் பொய். போன வாரம் அத்தை (மாமியார்) என் நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட முறுக்கு சுட்டுச் சம்படத்தில் வைத்திருந்தார்கள். அதில் நாலைக் காணோம். இவன் பனியன் முழுக்கத் தூள். "நீயா எடுத்தே?" என்று கேட்டால், "நான் இல்லை, பூனை" என்கிறான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. நான் சிரித்துவிட்டேன். அத்தைக்கு அதில் கோபம்.

மறுநாள் வகுப்பு மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். டிக்டேஷனில் பத்துக்கு ஆறு வாங்கிய பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "மிஸ் நோட்டை இன்னும் தரலை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். முறுக்குக்குச் சிரித்த எனக்கு இதற்குச் சிரிப்பு வரவில்லை.

"முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்" என்கிறார்கள் அத்தை. கணவரோ "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறார். தெருமுனையில் ஒரு அபாகஸ் வகுப்பு இருக்கிறது. கவனம், ஒழுக்கம், நினைவாற்றல் மூன்றும் வரும் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். சேர்க்கலாமா? இல்லை, ரெண்டு போட்டால் நிற்குமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.


கரிசல்காட்டான் · ஞாயிறு, இரவு 11:20

தங்கச்சி, உங்க மாமியார் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. எங்க அப்பா வீட்டு விட்டத்தில் ஒரு புளிய விளாறு சொருகி வைத்திருப்பார். எடுத்ததைவிட எடுக்காத நாள்தான் அதிகம், ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெரியும். அண்ணன் தம்பி நாலு பேரும் இன்றைக்கு ஒழுங்காக ஒரு வேலையில் இருக்கிறோம், குடி கிடையாது, கடன் கிடையாது. கொல்லச் சொல்லவில்லை. பயம் கொஞ்சம் இருக்கணும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது.


இரட்டையர் அப்பா · ஞாயிறு, இரவு 11:41

உங்களுக்காவது பொய் சொல்ல ஒருத்தன். எங்க வீட்டில் ஒன்று பொய் சொல்லும், இன்னொன்று சாட்சி சொல்லும். நாலு முறுக்குக்குப் பூனை என்றால் கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தைக் கிழித்ததுதான் கொஞ்சம் உறுத்துகிறது.


ஆய்வுப் பித்தன் · திங்கள், காலை 7:05

உளவியல் முதுகலை படிக்கிறேன், பிள்ளை குட்டி கிடையாது. அதனால் அறிவுரை சொல்லும் தகுதி இல்லை. படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் பயப்படாதீர்கள். டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் காங் லீ என்பவர் பல வருடமாகக் குழந்தைகளின் பொய்யை மட்டுமே ஆராய்கிறார். ஒரு விளையாட்டு. குழந்தைக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்துச் சத்தம் எழுப்புவார்கள். சத்தத்தை வைத்து என்ன பொம்மை என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பொம்மை சுலபமாக இருக்கும். மூன்றாவதற்கு மட்டும் பொம்மைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. "நான் வரும் வரை திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். அநேகமாக எல்லாக் குழந்தையும் பார்த்துவிடும். வந்து கேட்டால், நாலு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பத்துக்கு எட்டு "பார்க்கலையே" என்றுதான் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒன்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று புரிந்தால்தானே பொய் சொல்ல வரும்? மூளை வளர்வதன் அடையாளம் அது.

இப்போது கரிசல்காட்டான் அண்ணனுக்கு. இதே விளையாட்டை விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு மூன்று, நாலு வயது. ஒரு பள்ளியில் அடி, தலையில் குட்டு, கிள்ளு எல்லாம் அன்றாடம். இன்னொன்றில் கண்டிப்பதோடு சரி. திரும்பிப் பார்த்த பிள்ளைகளில், அடிக்காத பள்ளியில் பாதிக்குச் சற்று மேல்தான் பொய் சொன்னார்கள். அடிக்கும் பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும். அதுவும் திறமையாக! "என்ன பொம்மையாக இருக்கும்?" என்று துருவிக் கேட்டால் அடிக்காத பள்ளிப் பிள்ளைகள் உளறிவிட்டார்கள். அடிபட்ட பிள்ளைகள் வேண்டுமென்றே தப்பான பதில் சொல்லிச் சமாளித்தார்கள்.


கரிசல்காட்டான் · திங்கள், மதியம் 1:15

தம்பி, ஆப்பிரிக்கா எங்கே, எங்க கோவில்பட்டிப் பக்கம் எங்கே என்று எழுதத்தான் வந்தேன். சாப்பிடும்போது ஒன்று ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது.

கிணற்றில் குதிக்கக் கூடாது என்பது எங்க அப்பாவின் முதல் சட்டம். நாங்கள் தினம் குதிப்போம். குளித்து முடித்ததும் வீட்டுக்கு வர மாட்டோம். களத்து மேட்டில் உட்கார்ந்து தலைமுடி காயும் வரை காத்திருப்போம். பிறகு புழுதியை அள்ளிக் கால் கையில் பூசிக்கொள்வோம், குளித்த மினுமினுப்பு தெரியக் கூடாது என்று. பெரிய அண்ணன் வரிசையாக நிற்க வைத்துச் சோதித்துத்தான் வீட்டுக்குள் அனுப்புவான். கண் சிவந்திருப்பதை மறைக்க மட்டும் கடைசி வரை வழி தெரியவில்லை. "காத்துல தூசி விழுந்துட்டு" என்று நாலு பேரும் ஒரே நாளில் சொன்னால் எந்த அப்பா நம்புவார்?

அப்பா மேல் இருந்த மரியாதை வேறு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் விளாறு எங்களைக் கிணற்றிலிருந்து காப்பாற்றவில்லை, அது உண்மை. சின்னவன் ஒரு தடவை பாறையில் தலை இடித்துக்கொண்டதையும் அவரிடம் சொல்லவில்லை.


ஓய்வுபெற்ற டீச்சர் · திங்கள், மாலை 6:30

அம்மாடி, 34 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள் நான். முதல் இருபது வருடம் கையில் பிரம்போடுதான் வகுப்புக்குப் போனேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, அதன் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கவும் மனம் நோகச் செய்யவும் கூடாது என்றபோது, ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் புலம்பினோம். இனி இதுகளை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று. முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. தொண்டை கட்டிப் போகும்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. பிரம்பு இருந்தபோது நான் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் தெரிந்துகொண்டே கேட்ட கேள்விகள். "நீயா கிறுக்கினே? யார் சாக்பீஸை எடுத்தது? வீட்டுப்பாடம் ஏன் எழுதலை?" பிள்ளைக்கு அதில் இரண்டே வழி. உண்மை சொன்னால் அடி. பொய் சொன்னால் ஒருவேளை தப்பிக்கலாம். புத்தியுள்ள பிள்ளை எதை எடுக்கும்? நான்தான் பொய்யைக் கையில் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்காகவும் அடித்திருக்கிறேன்.

உன் பிள்ளை பனியனில் தூள் இருக்கிறது. எடுத்தது அவன் என்று உனக்குத் தெரியும். பிறகு எதற்கு "நீயா எடுத்தே" என்ற கேள்வி? "நாலு முறுக்கு எடுத்திருக்கே. அது அத்தை வீட்டுக்கு ஆச்சி வச்சது. இப்போ குறையுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பார். அவன் பங்குக்கு வைத்திருந்த நாலை எடுத்துச் சம்படத்தில் போடட்டும். அழுவான். அழட்டும். அடி அரை மணியில் மறந்துவிடும். தன் முறுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போவது மறக்காது.

கிழித்த பக்கம் வேறு கதை. அதில் திருட்டு இல்லை, பயம் இருக்கிறது. ஆறு வாங்கினால் உங்கள் வீட்டில் அடிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பிறகு எதற்குப் பயந்தான்? யோசித்துப் பார்.


நெறியாளர் · திங்கள், மாலை 7:10

இந்த இழையில் "மூளைத் திறன் பயிற்சி, முதல் மாதம் இலவசம்" என்று வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நாலாவது வந்தால் ஆளையும் நீக்குவேன்.


ஆய்வுப் பித்தன் · திங்கள், இரவு 9:48

டீச்சரம்மா கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் வயது வித்தியாசம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து கடினமான புதிர்கள். எல்லோரும் சறுக்கினார்கள். கடைசியில், வேறு பள்ளியில் இருக்கும் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு இதைப் பற்றி எழுது, உன் மதிப்பெண்ணையும் போடு என்று காகிதம் கொடுத்தார்கள். கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்பைப் புகழ்ந்த கூட்டத்தில் பொய் எழுதியவர்கள் 13 விழுக்காடு.

கெட்டிக்காரன் என்பது பட்டம். பத்துக்கு ஆறு வந்தால் பட்டம் போய்விடும். பக்கத்தைக் கிழிப்பது தவிர அவனுக்கு வேறு என்ன வழி?

(இந்த ஆய்வை வைத்துப் பிறகு பெரிய வியாபாரமே நடந்தது. மனப்பான்மையை மாற்றினால் மார்க் கூடும் என்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் பலன் சொற்பம்தான். நான் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை, பொய்யைப் பற்றித்தான்.)


நெல்லைப் பொண்ணு · செவ்வாய், காலை 6:10

இரவு இதை வாசித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். கீழ் வீட்டுக்காரர்கள்கூட அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் பெயரே அதுதான் என்று ஆகிவிட்டது.

பொறுமை பற்றி யாரும் சொல்லவில்லையே. குடும்ப வாட்சப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருக்கும் பிள்ளைதான் வாழ்க்கையில் முன்னேறும் என்று கீழே போட்டிருந்தது. நேற்று ஒரு கடலை மிட்டாயை வைத்துப் பார்த்தேன். நான் அடுக்களை வாசலைத் தாண்டவில்லை, கடக் என்று சத்தம் கேட்டுவிட்டது. இருபது விநாடிகூட இருக்காது. இவன் எதிர்காலம் அவ்வளவுதானா?


இரட்டையர் அப்பா · செவ்வாய், காலை 8:02

இருபது விநாடியா? என் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நீங்கள் ஒரு தவசியைப் பெற்றிருக்கிறீர்கள். நான் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மிட்டாய் வைத்தேன். பெரியவன் (மூன்று நிமிடம் மூத்தவன்) தன்னுடையதைத் தொடாமல் தம்பியுடையதைத் தின்றான். இதற்கு ஆய்வில் என்ன பெயர்?


ஆய்வுப் பித்தன் · செவ்வாய், இரவு 10:30

அந்த வீடியோவின் மூலம் வால்டர் மிஷல் 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் தொடங்கிய சோதனை. மார்ஷ்மெல்லோ சோதனை என்பார்கள். அது பஞ்சு போன்ற ஒரு மிட்டாய். நம்மூரில் வைத்தால் பாதிப் பிள்ளைகள் இது என்ன என்று முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள், அது வேறு விஷயம். மிஷலின் மூன்று மகள்களும் அந்தப் பள்ளியில்தான் படித்தார்கள். உன் சிநேகிதன் எப்படி இருக்கிறான், உன் சிநேகிதி எப்படிப் படிக்கிறாள் என்று பல வருடம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் மகள்களைக் கேட்டதில்தான், அன்று காத்திருந்த பிள்ளைகள் பிற்பாடு நன்றாகச் செய்கிறார்களோ என்ற சந்தேகமே அவருக்கு வந்தது. தேடிப் பிடித்து விசாரித்ததில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக் குடும்பங்கள். டைலர் வாட்ஸ் குழுவினர் 2018இல் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பப் பிள்ளைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். தாயின் படிப்பு, வீட்டு வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அதனால் கடலை மிட்டாய் ஜோசியத்தை விட்டுவிடுங்கள்.

எனக்கு எப்போதும் பிடித்தது வேறொன்று. செலஸ்ட் கிட் என்பவர் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியானது. வெறும் 28 பிள்ளைகள்தான், மூன்று முதல் ஐந்து வயது. மிட்டாய்க்கு முன்னால் ஒரு வேலை வைத்தார். படம் வரைய வேண்டும். பழைய கிரேயான்கள் இருக்கின்றன. "கொஞ்சம் பொறுத்தால் புதுப் பெட்டி கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் போவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி வரும். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து "மன்னித்துக்கொள், இல்லையாம், இதையே வைத்து வரை" என்பார். அடுத்து ஸ்டிக்கர், அதிலும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மிட்டாய் வரும்.

சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் கூட்டத்தில் 14க்கு 9. இரண்டாவதில் 14க்கு ஒரே ஒரு பிள்ளை.

பொறுமையில்லாத பிள்ளை என்று நாம் நினைப்பது, கணக்குத் தெரிந்த பிள்ளையாகவும் இருக்கலாம். வராத மிட்டாய்க்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்?


யாழ்ப்பாணத்தாள் · புதன், அதிகாலை 4:55

எங்கட வீட்டில நான் சின்னனா இருக்கேக்க "அப்பா வீட்டில இல்லை எண்டு சொல்லு" எண்டு படலைக்கு அனுப்பினது ஆர்? அப்பாதான். கடன்காரன் போன பிறகு "பொய் சொல்லக் கூடாது பிள்ளை" எண்டு படிப்பிச்சதும் அவர்தான். ஊசி நோகாது எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போறது, சாப்பிடாட்டிப் பொலிஸ் வரும் எண்டு வெருட்டுறது, கடைக்காரனிட்ட "மருந்து கலந்த இனிப்பு, சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கேலாது எண்டு சொல்லுங்கோ" எண்டு கண்ணைக் காட்டுறது. பிள்ளை ஆரிட்டப் பழகினது எண்டு தேடத் தேவையில்லை.


இரட்டையர் அப்பா · புதன், காலை 8:20

"பஞ்சு மிட்டாய்க்காரன் ஊருக்குப் போயிட்டான்." "டிவிக்குக் காய்ச்சல், தொட்டா சுடும்." "அந்தப் பொம்மை இங்கே விற்க வச்சது இல்லை." "அப்பாகிட்ட காசே இல்லை." (கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை.) வேண்டாம், இந்த இழையை நான் வாசித்திருக்கவே கூடாது.


சென்னைத் தாய் · புதன், மதியம் 12:40

ஒரு நிமிடம். சுற்றிச் சுற்றி எல்லாம் கடைசியில் அம்மா தலையில்தானே விடிகிறது? வார்த்தையைப் பார்த்துப் பேசு, கேள்வியைப் பார்த்துக் கேள், சொன்னதைச் செய். காலை ஆறரைக்கு டிபன் கட்டி, ஒன்பது மணி நேரம் வேலை பார்த்து, எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவள் நான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நான் சொல்வது ஏமாற்ற இல்லை, அன்றைக்கு உயிர் இல்லை என்பதால். அந்த ஆய்வுகளில் அப்பாக்கள் எங்கே போனார்கள்? இங்கேயும் கணவர் போனைப் பார்க்கிறார் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது, ஒருவரும் அதைத் தொடவில்லையே.

அபாகஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இரண்டு வருடம் போனாள், பிடித்துப் போனாள். மனக்கணக்கு வேகமாக வருகிறது. அதனால் கவனமோ ஒழுக்கமோ வந்ததாகத் தெரியவில்லை, சோபா மேல் ஈரத் துண்டு இன்றைக்கும் கிடக்கிறது. கணக்குக்கு அனுப்புங்கள், குணத்துக்கு அனுப்பாதீர்கள்.


ஆய்வுப் பித்தன் · புதன், மதியம் 2:05

அக்கா, நியாயம். வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.


கரிசல்காட்டான் · புதன், இரவு 9:15

மிட்டாய் ஆய்வைப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம். எங்க காலத்தில் எங்களுக்கு இந்தப் பொறுமை இருந்ததே, அது எங்கேயிருந்து வந்தது? பிள்ளையார் சதுர்த்தி அன்று விடிந்ததிலிருந்து கொழுக்கட்டை வாசனை. அம்மா அவித்து அவித்துத் தட்டில் அடுக்குவாள். சாமிக்குப் படைக்கும் முன்னால் தொடக் கூடாது. நாலு பயல்களும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்போம், ஒருத்தன் கை நீளாது. பந்தியிலும் அப்படித்தான். இலையில் அப்பளம் விழுந்தாலும் சாதம் வந்து, பெரியவர் கை வைத்த பிறகுதான். அதற்கு விளாறு தேவைப்படவே இல்லை. ஊரே அப்படித்தான் செய்தது, நாங்களும் செய்தோம்.


ஆய்வுப் பித்தன் · புதன், இரவு 11:02

அண்ணே, நீங்கள் சொன்னது 2022இல் ஒரு ஆய்வாகவே வந்திருக்கிறது! கைச்சி யனவோகாவும் அவருடன் சேர்ந்தவர்களும் ஜப்பான் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். தின்பண்டம் வைத்தால் ஜப்பான் பிள்ளைகள் வெகு நேரம் காத்திருந்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் நாலு நிமிடம்கூடத் தாங்கவில்லை. காகிதம் சுற்றிய பரிசுப் பொட்டலம் வைத்தால் அப்படியே தலைகீழ். ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறி முடியும் வரை சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பல நாள் இருக்கும் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார்கள். எதற்குப் பழகியதோ அதற்குக் காத்திருக்கிறது பிள்ளை.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். கேமரூனில் ந்ஸோ என்ற உழவர் சமூகம். அங்கே எண்ணெயில் பொரித்த, நம் போண்டா மாதிரி ஒரு பண்டத்தை வைத்து நாலு வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததில், பத்து நிமிடம் காத்திருந்தவர்கள் ஏறக்குறைய 70 விழுக்காடு. ஜெர்மன் பிள்ளைகளில் 30கூட இல்லை. ஜெர்மன் பிள்ளைகள் பாடினார்கள், நெளிந்தார்கள், அறையைச் சுற்றினார்கள். ந்ஸோ பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், சிலர் தூங்கியே விட்டார்களாம். அந்த ஊர் அம்மாக்கள் ரொம்பக் கண்டிப்பு. அதனால் கண்டிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது.


ஓய்வுபெற்ற டீச்சர் · வியாழன், காலை 10:20

கண்டிப்பும் அடியும் ஒன்றில்லை தம்பி. கொழுக்கட்டை வீட்டில் சட்டம் ஒன்றுதான், அது அம்மாவுக்கும் உண்டு. அவளும் படைக்கும் முன்னால் வாயில் போட மாட்டாள். அப்புறம் முக்கியமானது, படைத்து முடித்ததும் கொழுக்கட்டை நிச்சயமாகக் கைக்கு வரும்.

மகளே, உன் பிள்ளைக்கு வகுப்பு தேவையில்லை. உங்க வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? ஆச்சியிடம் கேள், பரணில் இருக்கும். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எண்ணாமல் ஆட முடியாது, முறை வராமல் ஆட முடியாது. ஆச்சி ஆடும்போது இவன் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உன் அத்தைக்கும் அவனை அடிக்கச் சொல்வதைத் தவிர வேறொரு வேலை கிடைக்கும். அவர்களோடு சண்டை போடாதே, அவர்களை உன் பக்கம் இழு.

வாக்குக் கொடுப்பதைக் குறைத்துவிடு. சென்னைத் தாய் சொன்ன மாதிரி உடம்பில் தெம்பு இல்லாத நாள் எல்லோருக்கும் உண்டு. அன்றைக்கு "நாளைக்கு" என்று சொல்லாதே. "இன்றைக்கு முடியாது, எனக்குக் கால் வலிக்கிறது" என்று சொல். பிள்ளைக்கு அது புரியும்.

இன்னொன்று, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். என் வகுப்பில் காலையிலேயே அடம் பிடிக்கும் பிள்ளைகளில் பாதி, முந்தின நாள் பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளைகள்.


நெல்லைப் பொண்ணு · வியாழன், இரவு 11:35

பதினொன்று. அப்பா வரும் வரை விழித்திருப்பான்.

ஒரு காகிதத்தில் எழுதினேன். பள்ளி திறந்ததிலிருந்து அவனிடம் நாங்கள் சொல்லிச் செய்யாதவை: கொக்கிரகுளம் அறிவியல் மையம், நாலு தடவை. குற்றாலம், "சீசன் வரட்டும்" என்றோம், சீசன் முடிந்தே போனது. மீன் தொட்டி. "அப்பா வந்ததும் கதை சொல்வார்." "அழாமல் ஊசி போட்டால் ஐஸ்கிரீம்", சளி பிடித்திருக்கிறது என்று வாங்கித் தரவில்லை. பதினொன்று வரை எழுதி நிறுத்திவிட்டேன். காகிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தார். ஒன்றும் பேசவில்லை. போனை மட்டும் கவிழ்த்து வைத்தார்.


நெல்லைப் பொண்ணு · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:20

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அறிவியல் மையத்துக்குப் போனோம். சனிக்கிழமை என்று சொல்லியிருந்தோம், அன்று காலை பார்த்து இவருக்குக் கம்பெனியிலிருந்து போன். வழக்கமான நாளாக இருந்தால் "அடுத்த வாரம்" ஆகியிருக்கும். நான் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டேன். இவர் இரண்டு மணிக்கு நேராக அங்கேயே வந்து சேர்ந்தார். பையன் அவரைப் பார்த்ததும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் நின்று உற்றுப் பார்த்தான், நிஜமாகவே வந்திருக்கிறாரா என்று. அந்தப் பார்வை எனக்கு இன்னும் என்னவோ செய்கிறது.

கடை வாசலில் உருளுவது நிற்கவில்லை. போன செவ்வாய்கூட உருண்டான். ஆனால் டிக்டேஷனில் ஐந்து வாங்கிய பக்கத்தை அவனே கொண்டுவந்து காட்டினான். "மிஸ் ஏன் இதுக்கு ரெண்டு சுழி போடச் சொல்றாங்க?" என்று கேட்டான். அவரும் நானும் தலையைச் சொறிந்தோம். டீச்சரம்மா, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் சொல்லுங்கள்.

பரணில் பல்லாங்குழி இருந்தது. ஆச்சி நன்றாகக் கள்ள ஆட்டம் ஆடுகிறார்கள். இவன் கண்டுபிடித்துச் சண்டை போடுகிறான்.

நேற்று மறுபடியும் முறுக்கு. நாற்பது எண்ணி வைத்திருந்தார்கள். சாயங்காலம் இவன் ஆச்சி முன்னால் போய் நின்று, "நான் ரெண்டு எடுத்தேன்" என்றான். அத்தைக்குக் கை ஓங்கப் பார்த்தது, என்னைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்கள். "சொல்லிட்டேல்ல, போ" என்றார்கள். பிறகு எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழுதான் இருக்கிறது.

இவன் சத்தியமாக ரெண்டுதான் என்கிறான். கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையங்கம் வாசிக்கிறார்.


இரட்டையர் அப்பா · ஞாயிறு, மாலை 5:31

மூன்றாவது மாடி வரை ஏறுகிற பூனைதான்.